ஃபலஜ்: ஆறில்லாத நாட்டில் ஓடும் வாய்க்கால்

ஓமன் நாட்டில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. சராசரி மழையளவு ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அந்த மழையும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டு, காட்டாற்று வெள்ளமாக ஓடி, மணலில் மறைந்துவிடும். அப்படிப்பட்ட நிலத்தில் நிஸ்வா, இஸ்கி, ருஸ்தாக் போன்ற ஊர்களில் பேரீச்சந்தோப்புகள் பல நூறு ஆண்டுகளாகச் செழித்து நிற்கின்றன. அந்தத் தோப்புகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து சேர்க்கும் பழைய வாய்க்கால் முறைக்குத்தான் ஃபலஜ் என்று பெயர்.

2006ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஓமனின் 5 ஃபலஜ்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெரிய கோபுரங்களும் அரண்மனைகளும் இருக்கும் பட்டியலில், ஒரு முழ அகலம் இரண்டு முழ அகலம் உள்ள கிராமத்து வாய்க்காலுக்கு ஏன் இடம் என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதுதான். பார்வைக்கு அது சாதாரணமாகத்தான் இருக்கும். ஃபலஜில் பாதி மண்ணுக்குள்ளே இருக்கிறது, மீதிப் பாதி அந்த ஊர்க்காரர்களின் கணக்கிலும் வழக்கத்திலும் இருக்கிறது. வாய்க்காலாக வெளியே தெரிவது அதில் சிறு பகுதி. இரண்டு பாதிகளில் அந்தக் கணக்குதான் அதிகம் வியக்க வைப்பது என்பது என் எண்ணம். காப்பாற்றக் கடினமானதும் அதுதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஓமனின் வடக்கே ஹஜர் மலைத்தொடர் இருக்கிறது. அதன் உச்சியான ஜபல் ஷம்ஸ் ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம். சமவெளியைவிட மலைமேல் மழை கூடுதலாகப் பெய்யும். அந்த மழைநீர் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளிலும், மலையடிவாரத்தில் குவிந்து கிடக்கும் சரளைப் படுகையிலும் இறங்கி நிலத்தடி நீராகச் சேர்கிறது. வயலும் ஊரும் இருப்பதோ அதற்கும் கீழே, சரிவின் அடியில்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மலையடிவாரத்தில் நிலத்துக்கு 20, 30 மீட்டர் ஆழத்தில் இருக்கும் தண்ணீர்கூட, கீழே இருக்கும் வயலின் தரைமட்டத்தைவிட உயரத்தில் இருக்கக்கூடும். நிலம் சரிந்துகொண்டே போவதுதான் காரணம். ஆகவே அந்தத் தண்ணீரை மேலே இறைக்க வேண்டிய தேவையே இல்லை. வயல் பக்கத்திலிருந்து மலையை நோக்கி, கிட்டத்தட்டக் கிடைமட்டமாக ஒரு சுரங்கம் குடைந்துகொண்டே போனால், ஓர் இடத்தில் சுரங்கம் நிலத்தடி நீர்மட்டத்தைத் தொடும். அதற்கப்புறம் தண்ணீர் தானாகவே சுரங்கம் வழியாக வெளியே வந்துவிடும். மாடு வேண்டாம், ஏற்றம் வேண்டாம், டீசல் வேண்டாம். ஃபலஜ் என்ற யோசனையின் மூலம் இவ்வளவுதான்.

இப்படிச் சுரங்கம் வழியாக வருவதை தாவூதி ஃபலஜ் என்கிறார்கள். இது தவிர இன்னும் 2 வகை உண்டு. காட்டாற்றுப் படுகையில் கசிந்து ஓடும் நீரை மேலேயே மறித்து வாய்க்காலில் திருப்புவது கைலி. இயற்கையான ஊற்றிலிருந்து நேராக எடுப்பது ஐனி. எண்ணிக்கையில் பாதிக்கு அருகில் கைலி வகைதான். வெட்டுவது எளிது என்பதால் அப்படி. ஆனால் மழை பொய்த்தால் முதலில் வற்றுவதும் அதுதான். நாலில் ஒன்றுதான் தாவூதி. ஆழத்திலிருந்து நீர் எடுப்பதால் ஓரிரு ஆண்டு வறட்சியைத் தாங்கிக்கொள்ளும். பெரிய ஊர்கள் பலவும் தாவூதியை நம்பி வளர்ந்தவை என்பதால், இனி சொல்லப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

சுரங்கம் வெட்டும் வித்தை

முதலில் மலையடிவாரத்தில் தண்ணீர் இருக்கும் இடம் பார்த்து ஒரு கிணறு தோண்டுவார்கள். அதற்கு உம் அல் ஃபலஜ் என்று பெயர், அதாவது ஃபலஜின் தாய். அதில் தண்ணீர் ஊறுகிறதா, நிற்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற வேலை. அப்புறம் கீழே ஊர்ப் பக்கத்திலிருந்து சுரங்கம் வெட்டத் தொடங்கி, மேல்நோக்கித் தாய்க்கிணறு வரை போவார்கள். கீழிருந்து மேலே போவதற்குக் காரணம் உண்டு. நீர்மட்டத்தைத் தொட்டதும் தண்ணீர் வெட்டுபவர்களுக்குப் பின்புறமாக வடிந்து போய்விடும். மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு வந்தால் அவர்கள் நிற்கும் இடத்திலேயே தண்ணீர் தேங்கிவிடும்.

வழி நெடுக, குறிப்பிட்ட இடைவெளி விட்டு, மேலிருந்து செங்குத்தான குழிகள் இறக்குவார்கள். வெட்டிய மண்ணை மேலே தூக்குவதும், உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று போவதும் இந்தக் குழிகள் வழியாகத்தான். பின்னாளில் தூர் வார இறங்குவதற்கும் அவையே வழி. வெளியே எடுத்துப் போட்ட மண் குழியைச் சுற்றி வளையமாகக் கிடக்கும். விமானத்திலிருந்து எடுத்த படங்களில் இந்த மண் வளையங்கள் மலையிலிருந்து ஊர் வரை வரிசையாகத் தெரியும். சுரங்கம் மண்ணுக்குள் எந்தத் திசையில் போகிறது என்பதை அந்த வரிசையைக் கொண்டே சொல்லிவிடலாம். வெள்ளம் வந்தால் குழி வழியாக மண் உள்ளே விழுந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் வாயைச் சுற்றித் திட்டு கட்டி உயர்த்தி வைப்பதும் உண்டு.

வித்தையின் நுட்பமான பகுதி வாட்டம் கொடுப்பதில் இருக்கிறது. சுரங்கத்தின் தரை ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுக்குத்தான் சரிய வேண்டும். சில இடங்களில் அதற்கும் குறைவு. வாட்டம் கூடினால் தண்ணீர் வேகமெடுத்து அடிமண்ணை அரிக்கும், சுரங்கம் இடிந்து விழும். குறைந்தால் நீரோட்டம் மந்தமாகி வண்டல் படியும், சுரங்கம் தூர்ந்து போகும். இந்த அளவை விளக்கு வெளிச்சத்தில், குனிந்தும் தவழ்ந்தும் வேலை செய்துகொண்டே, கிலோமீட்டர் கணக்கில் பிசகாமல் கொண்டுபோயிருக்கிறார்கள். ஓமனில் அவாமிர் என்ற குலத்தார் ஃபலஜ் வெட்டுவதிலும் பழுது பார்ப்பதிலும் பேர்போனவர்கள்.

வழியில் காட்டாறு குறுக்கிட்டால் என்ன செய்வது? மேலே பாலம் கட்டி வாய்க்காலைக் கொண்டுபோனால் அடுத்த வெள்ளத்தில் அடித்துப் போய்விடும். அதற்கு அவர்கள் கண்ட வழி கர்ராக் ஃபலாஹ். ஆற்றின் இந்தக் கரையில் தண்ணீரை ஒரு குழிக்குள் செங்குத்தாக இறக்கி, ஆற்றுப்படுகைக்கு அடியில் குறுக்கே கொண்டுபோய், அந்தக் கரையில் இன்னொரு குழி வழியாக மேலே ஏற்றுவார்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பிடிக்கும் தண்ணீர் டியூப் போலத்தான்: ஒரு முனையில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, மறுமுனையிலும் அதே மட்டத்துக்கு ஏறிவிடும். வெளியேறும் வாய் உள்ளே போகும் வாயைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருந்தால் போதும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே வெள்ளம் புரண்டு போனாலும் அடியில் ஃபலஜ் தன் போக்கில் போகும்.

குழிகளின் சுவரும் வாய்க்காலின் பூச்சும் சாரூஜ் என்ற காரையால் ஆனவை. சுட்ட களிமண்ணைப் பொடித்துச் சுண்ணாம்போடு சேர்த்துச் செய்வது. தண்ணீரிலேயே இறுகும் தன்மை அதற்கு உண்டு. இன்று பல இடங்களில் அதற்குப் பதில் சிமெண்ட் வந்துவிட்டது.

ஊருக்குள் நுழையும் வரிசை

சுரங்கத்திலிருந்து தண்ணீர் வெளிச்சத்துக்கு வரும் முதல் இடத்துக்கு ஷரீஆ என்று பெயர். அங்கே யாரும் குளிக்கவோ துவைக்கவோ கூடாது. குடிநீர் எடுப்பது அங்கேதான். அந்த இடத்தில் தண்ணீர் எல்லாருக்கும் பொது. பங்கு வைத்திருப்பவர், இல்லாதவர், வழிப்போக்கர் என்ற வேறுபாடு கிடையாது. அதற்குக் கீழே பள்ளிவாசலில் ஒளு செய்யும், அதாவது தொழுகைக்கு முன் கை கால் கழுவும் இடம், ஆண்களும் பெண்களும் தனித்தனியாகக் குளிக்கும் இடங்கள், பாத்திரம் கழுவும் படிகள். இறந்தவர் உடலைக் குளிப்பாட்டும் இடமும் வாய்க்கால் ஓரமாகவே இருக்கும். இதையெல்லாம் கடந்த பிறகுதான் வயலுக்குப் பாசனம்.

சுத்தமான தேவைக்கு முதலில், அழுக்காக்கும் தேவைக்குப் பிறகு என்ற இந்த வரிசை ஊரின் அமைப்பையே தீர்மானித்திருக்கிறது. எந்தத் தெரு எங்கே, பள்ளிவாசல் எங்கே, கோட்டை எங்கே என்பதெல்லாம் வாய்க்காலின் போக்கைப் பொறுத்தது. எதிரி வாய்க்காலை மறித்துவிட்டால் ஊரே பணிந்துவிடும் என்பதால், காவல் கோபுரங்களும் அதை ஒட்டிக் கட்டப்பட்டிருக்கின்றன. யுனெஸ்கோ பட்டியலில் இந்தக் கோபுரங்கள் ஃபலஜின் பகுதியாகவே சேர்க்கப்பட்டுள்ளன.

நேரமாக அளக்கப்படும் தண்ணீர்

ஃபலஜில் தண்ணீரை லிட்டர் கணக்கில் பங்கிடுவது கிடையாது, நேரக் கணக்கில் பங்கிடுகிறார்கள். உங்கள் முறை வந்தால், அந்த நேரம் முழுக்க வாய்க்காலில் ஓடும் தண்ணீர் மொத்தமும் உங்களுடையது. முறை முடிந்ததும் மடையை அடைத்து அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். பெரிய ஃபலஜாக இருந்தால் முதலில் 2 அல்லது 3 கிளைகளாகச் சம அளவில் பிரித்துவிட்டு, ஒவ்வொரு கிளைக்குள்ளும் இதே முறை.

அடிப்படை அளவுக்கு அதர் என்று பெயர். ஏறக்குறைய அரை மணி நேரம். 24 அதர் சேர்ந்தால் ஒரு பாத்தா, அதாவது 12 மணி நேரம். பகலுக்கு ஒரு பாத்தா, இரவுக்கு ஒரு பாத்தா. ஊர் முழுக்க எல்லாருடைய முறையும் ஒரு சுற்று முடிந்து திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்பது ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்கும் இரண்டு வாரத்துக்கும் இடையில்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சுற்று 10 நாள் என்றால் 20 பாத்தா, மொத்தம் 480 அதர். ஒருவருக்கு 3 அதர் பங்கு இருந்தால், 10 நாளுக்கு ஒரு முறை ஒன்றரை மணி நேரம் முழு வாய்க்காலும் அவர் தோப்புக்குப் பாயும். இப்போது இன்னொரு சிக்கல்: அவர் முறை நள்ளிரவில் விழுந்தால்? சுற்று 20 பாத்தாவாக இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் நள்ளிரவில்தான் எழுந்து வர வேண்டும். அதையே 19 பாத்தாவாக, அதாவது ஒற்றைப்படையாக வைத்தால் ஒரு சுற்றில் இரவில் வந்தவருக்கு அடுத்த சுற்றில் பகலில் வரும். இப்படிச் சிரமத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் ஊர்கள் உண்டு.

நேரத்தால் பங்கிடுவதன் பெரிய நன்மை வறட்சியில் தெரியும். லிட்டரால் பங்கிட்டிருந்தால், வாய்க்காலில் தண்ணீர் பாதியாகும்போது யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று சண்டை வந்திருக்கும். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதே ஒன்றரை மணி நேரம்தான். அதில் வரும் தண்ணீர் பாதியாகும். எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறைகிறது. யாரும் கூட்டம் கூட்டி முடிவெடுக்க வேண்டியதில்லை. புதிய நீர்ச் சட்டங்கள் எழுதுபவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய இடம் இது என்று மனப்பூர்வமாக நம்புகிறேன்.

குறைந்த தண்ணீரை வைத்து எப்படிச் சமாளிப்பது என்பதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வாய்க்காலுக்கு அருகில் பேரீச்சை, எலுமிச்சை, மா போன்ற நிரந்தர மரங்கள். அதற்கு அப்பால் அவாபி என்ற திறந்த நிலம். கோதுமை, வெங்காயம், பூண்டு, மாட்டுக்குக் குதிரைமசால் என்று பருவப் பயிர்கள் அங்கே. தண்ணீர் தாராளமாக இருக்கும் ஆண்டில் அவாபி முழுக்கப் பச்சையாகும். குறைந்தால் அதைத் தரிசாக விட்டுவிட்டு இருக்கும் நீரை மரங்களுக்குத் திருப்புவார்கள். பேரீச்சை காய்த்துப் பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும், பட்டுப்போனால் ஒரு தலைமுறையின் உழைப்பே போய்விடும். ஒரு போகம் வெங்காயம் போனால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, கடிகாரம் இல்லாத காலத்தில் அரை மணி நேரத்தை எப்படி அளந்தார்கள்? பகலில் நிழல். திறந்த வெளியில் ஒரு கம்பத்தை நட்டு, தரையில் கோடுகளோ கற்களோ பதித்து வைத்திருப்பார்கள். கம்பத்தின் நிழல் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு நகர்ந்தால் ஒரு முறை முடிந்தது. இரவில் நட்சத்திரம். வழக்கமான ஓர் இடத்தில் நின்று, குறிப்பிட்ட ஒரு நட்சத்திரம் மலை விளிம்புக்கோ சுவருக்கோ மேலே எழுவதைப் பார்த்ததும் முறை மாறும். ஆண்டு முழுக்கச் சுழன்று வரும்படி 20க்கும் மேற்பட்ட நட்சத்திரங்களைப் பெயர் சொல்லி அறிந்து வைத்திருந்தார்கள். ஒரு நட்சத்திரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசமும் அவர்களுக்கு மனப்பாடம். கைக்கடிகாரம் வந்த பிறகு பெரும்பாலான ஊர்கள் அதற்கு மாறிவிட்டன. சில கிராமங்களில் மட்டும் 21ஆம் நூற்றாண்டு வரை நட்சத்திரம் பார்க்கும் வழக்கம் இருந்தது ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளது. மின்விளக்குகள் பெருகியதில் மங்கலான நட்சத்திரங்கள் கண்ணுக்குப் படாமல் போனதும் வழக்கம் குறைய ஒரு காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீர்ப்பங்கு நிலத்தோடு ஒட்டியது அன்று. அது தனிச் சொத்து. விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், குத்தகைக்கு விடலாம், பள்ளிவாசலுக்கு வக்ஃபாக, அதாவது அறக்கொடையாக எழுதி வைக்கலாம். நிலமே இல்லாமல் நீர்ப்பங்கு மட்டும் வைத்திருந்து வாடகைக்கு விடுபவர்களும் இருந்தார்கள். தண்ணீரை விற்பதா என்று முகம் சுளிப்பவர்கள் ஷரீஆவை நினைவில் வைக்க வேண்டும்: குடிக்கும் தண்ணீர் எப்போதும் எல்லாருக்கும் இலவசம். விற்பனை பாசன நேரத்துக்கு மட்டும்.

யார் நடத்துகிறார்கள்?

ஒவ்வொரு ஃபலஜுக்கும் ஒரு வகீல், அதாவது நிர்வாகி இருப்பார். பங்குதாரர்கள் சேர்ந்து நம்பிக்கையான ஒருவரை அமர்த்துவார்கள். பெரிய ஃபலஜாக இருந்தால் முறை மாற்றுவதைப் பார்த்துக்கொள்ள அரீஃப், வரவு செலவு பார்க்க ஒரு கணக்காளர் என்று உதவிக்கு ஆட்கள் உண்டு. சுரங்கத்துக்குள் இறங்கித் தூர் வாரவும் மடை திருப்பவும் தொழிலாளர்கள் தனி.

இதற்கெல்லாம் பணம்? ஃபலஜுக்கே சொந்தமாகச் சில அதர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்த நேரத்தைப் பொதுவில் ஏலம் விடுவார்கள். தன் பங்கு போதாதவர், புதிதாகக் குதிரைமசால் போட்டவர் எல்லாரும் வந்து கேட்பார்கள். ஏலத்தில் வரும் பணம் பழுது பார்க்கும் செலவுக்குப் போகும். சில ஃபலஜ்களுக்குச் சொந்தமாகப் பேரீச்சை மரங்களும் நிலமும்கூட உண்டு. அரசு மானியத்துக்குக் காத்திராமல் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. சண்டை சச்சரவு வந்தால் வகீல் பேசித் தீர்ப்பார். முடியாதபோது ஊர்த் தலைவரான ஷேக்கிடமும், அதற்கு மேல் நீதிபதியான காழியிடமும் போகும்.

எப்போது தோன்றியது என்ற கேள்வி

ஓமனில் ஒரு கதை உண்டு. தாவூத் நபியின் மகன் சுலைமான் நபி இந்த வறண்ட நாட்டைப் பார்த்து இரங்கி, ஜின்களுக்குக் கட்டளையிட்டு 10 நாட்களில் 10,000 ஃபலஜ் வெட்ட வைத்தாராம். தாவூதி என்ற பெயர் அதனால் வந்தது என்பார்கள்.

வரலாறு இவ்வளவு சுலபமாக விடை சொல்வதில்லை. யுனெஸ்கோ குறிப்பு, இன்றைய ஃபலஜ்களின் தொடக்கம் கி.பி. 500 அளவில் இருக்கலாம் என்றும், இந்தப் பகுதியில் பாசன ஏற்பாடுகள் கி.மு. 2500 முதலே இருந்ததற்குத் தொல்லியல் சான்று உண்டு என்றும் சொல்கிறது. இதேபோன்ற சுரங்க வாய்க்கால்கள் ஈரானில் கனாத் என்ற பெயரில் ஏராளம். அவற்றில் 11 கனாத்துகள் 2016இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அங்கிருந்துதான் அரேபியாவுக்கு வந்தது என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். அப்புறம் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் பகுதியில் கி.மு. 1000 அளவைச் சேர்ந்த ஃபலஜ்கள் அகழாய்வில் கிடைத்ததும் விவாதம் மீண்டும் சூடுபிடித்தது. எனக்கு யார் முதலில் என்பதைவிட, மொராக்கோ முதல் சீனாவின் துர்பான் வரை வறண்ட நாடுகள் எல்லாம் இந்த யோசனையை எடுத்துக்கொண்டன என்பதே முக்கியமாகப் படுகிறது. இந்தியாவிலும் உண்டு: கர்நாடகத்தின் பீதரில் பாமினி சுல்தான்கள் காலத்துச் சுரங்க வாய்க்கால், மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூரில் முகலாயர் காலத்துக் குண்டி பண்டாரா.

ஓமனில் இருப்பவற்றில் பல, 17ஆம் நூற்றாண்டிலும் 18இன் தொடக்கத்திலும் யஅரூபி இமாம்கள் ஆட்சியில் செப்பனிடப்பட்டவை. 1711இல் இறந்த இமாம் ஸைஃப் பின் ஸுல்தான், பழைய ஃபலஜ்களைப் புதுப்பித்ததிலும் பேரீச்சை நட்டதிலும் இன்றும் நினைக்கப்படுகிறார்.

காக்கப்படும் 5 ஃபலஜ்கள்

நிஸ்வாவில் உள்ள தாரிஸ் நாட்டின் மிகப்பெரிய ஃபலஜ்களில் ஒன்று. அதற்கருகே பிர்கத் அல் மவ்ஸ் ஊரில் கத்மைன். சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளம், பைத் அல் ரதீதா கோட்டையை ஒட்டி வந்து 3 சம கிளைகளாகப் பிரியும். இஸ்கியில் மால்கி, ருஸ்தாக்கில் முயஸ்ஸர். இந்த நான்கும் தாவூதி. ஐந்தாவதான ஜீலா கிழக்கே சூர் பகுதி மலைகளில் இருக்கும் ஐனி வகை, மிகச் சிறியது.

ஐந்தும் இன்னும் பயன்பாட்டில் இருக்கும் பாசன அமைப்புகள் என்பதுதான் பட்டியலில் சேர்ந்ததன் அடிப்படை. யுனெஸ்கோ இவற்றை எடுத்துக்கொண்டது கட்டடக்கலைக்காக அன்று; கடுமையான நிலத்தில் மனிதர்கள் நிலத்தையும் நீரையும் பயன்படுத்திய முறைக்கு எடுத்துக்காட்டு என்பதற்காக. ஆகவே வாய்க்காலோடு பள்ளிவாசல்கள், வீடுகள், நிழல் கடிகாரங்கள், நீர் ஏலம் நடக்கும் கட்டடங்கள் எல்லாமே இந்தப் பாரம்பரியத்தில் அடங்குகின்றன. 1990களின் பிற்பகுதியில் ஓமன் அரசு எடுத்த கணக்கெடுப்பில் மொத்தம் 4,112 ஃபலஜ்கள் பதிவாயின, அவற்றில் 3,017 ஓடிக்கொண்டிருந்தன. ஆயிரத்துக்கு மேல் அப்போதே வற்றிவிட்டன.

என்ன ஆபத்து?

1970களில் டீசல் பம்பும் ஆழ்துளைக் கிணறும் பரவின. ஃபலஜ் தன் சுரங்கத்தின் மட்டத்துக்கு மேலே இருக்கும் தண்ணீரை மட்டுமே எடுக்கும். மழை குறைந்தால் அதன் ஓட்டமும் குறையும். நிலத்தை உறிஞ்சிக் காலி செய்ய அதனால் முடியாது. பம்புக்கு அந்தத் தடை இல்லை. பக்கத்தில் ஒருவர் ஆழமாகத் துளையிட்டு இறைக்கத் தொடங்கினால் நீர்மட்டம் கீழே இறங்கும். சில மீட்டர் இறங்கினாலே போதும், சுரங்கம் வறண்டுவிடும். சுரங்கத்தை இன்னும் ஆழமாக வெட்டலாமே என்றால், வாட்டம் மாறாமல் இருக்க வெளியேறும் வாயையும் கீழே இறக்க வேண்டியிருக்கும். அப்போது வயல் மேட்டில் நின்றுவிடும். தாய்க்கிணற்றை மலைப் பக்கமாக இன்னும் நீட்டுவது ஓரளவு உதவும், அதற்கும் எல்லை உண்டு.

இதனால்தான் ஓமனில் தாய்க்கிணற்றிலிருந்து 3.5 கிலோமீட்டர் தொலைவுக்குள் புதுக் கிணறு தோண்டத் தடை இருக்கிறது. பட்டியலில் உள்ள ஃபலஜ்களுக்கென்று 2017இல் தனிச் சட்டமும் வந்தது. மழைநீரை நிலத்துக்குள் இறக்கத் தடுப்பணைகள் கட்டுகிறார்கள். வறண்ட சில ஃபலஜ்களுக்கு அருகில் அரசே துணைக் கிணறு போட்டு, பம்பு செய்த நீரை வாய்க்காலில் விட்டதும் உண்டு. தோப்பைக் காப்பாற்ற அது அவசரத் தேவை என்பது புரிகிறது. ஆனால் பம்பு நீர் ஓடும் வாய்க்காலை ஃபலஜ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலை தரும் அளவை ஏற்றுக்கொண்டு வாழ்வதுதான் அதன் இயல்பு. அந்தக் கட்டுப்பாடு போனபின் மிஞ்சுவது கல்லும் காரையும்தான்.

ஆள் பற்றாக்குறை இரண்டாவது ஆபத்து. எண்ணெய் வருமானம் வந்த பிறகு இளைஞர்கள் அரசு வேலைக்கும் மஸ்கட்டுக்கும் போய்விட்டார்கள். தோப்புகளில் இன்று வேலை செய்பவர்களில் கணிசமானோர் தெற்காசியாவிலிருந்து போன தொழிலாளர்கள். குனிந்து இறங்கித் தூர் வாரத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பங்குகள் வாரிசுகளிடையே பிரிந்து பிரிந்து சில நிமிடங்களாகச் சுருங்கிவிட்டால், அதற்காக ஊருக்கு வந்து மடை திருப்ப யாருக்கும் ஆர்வம் இருக்காது. கோட்டைச் சுவர் இடிந்தால் கொத்தனாரை வைத்துக் கட்டிவிடலாம். ஒரு வகீல் இல்லாமல் போய், ஏலம் நின்று, கணக்கு தொலைந்துவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர எந்தத் தொல்லியல் துறையாலும் முடியாது. பாதுகாப்புக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு வாய்க்கால் பூச்சுக்குப் போகாமல் இந்த மனிதர்களைத் தக்கவைக்கப் போக வேண்டும் என்பேன்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

மஸ்கட்டில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் விடுமுறையில் நிஸ்வா கோட்டைக்குப் போவார்கள். வழியிலேயே பிர்கத் அல் மவ்ஸ் வரும், மஸ்கட்டிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். அங்கே பைத் அல் ரதீதா கோட்டைப் பக்கம் இறங்கி கத்மைன் வாய்க்காலைப் பின்தொடர்ந்து நடந்தால், தண்ணீர் மூன்றாகப் பிரியும் இடத்தைக் காணலாம். அப்படியே தோப்புக்குள் போனால் ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு சிறு வாய் இருக்கும். கல்லையும் பழந்துணியையும் வைத்து அடைத்திருப்பார்கள். அதை எடுத்துப் பார்க்க வேண்டாம். அந்த நேரத்துத் தண்ணீர் வேறொருவரின் பங்காக இருக்கும். நீரோட்டத்தில் சின்னச் சின்ன மீன்கள் தென்படும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். காலை நனைப்பதானால் குடிநீர் எடுக்கும் இடத்தைத் தாண்டி, கீழ்ப்பக்கமாக வந்து நனைக்க வேண்டும். சோப்பும் ஷாம்பூவும் எந்த இடத்திலும் கூடாது. நிஸ்வாவில் தாரிஸ் ஃபலஜ் ஓரம் பூங்கா இருக்கிறது, நிழலில் உட்கார்ந்து பார்க்க வசதி. வெயில் இறங்கிய பிறகு போவது நல்லது. தோப்பில் முறை மாற்ற வருபவர் யாராவது கண்ணில் பட்டால் ஸலாம் சொல்லி, இப்போது யாருடைய முறை என்று கேளுங்கள். வேலை அவசரம் இல்லையென்றால் சந்தோஷமாகப் பேசுவார்.